அமலின் இடது கையும் நான் சமைத்த கீரையும்

என் மகன் அமலுக்குக் கை வீங்கிய அன்று நான் நியூ ஜெர்சியில், ஐசலினில் ஒரு ஹோட்டல் சமையலறையில் வெங்காயம் வதக்கிக்கொண்டிருந்தேன். அமல் டெக்சாஸில் இருந்தான். வேலை நேரத்தில் எனக்கு யாரும் போன் செய்ய மாட்டார்கள். முதலாளி வந்து கூப்பிட்டதும் அடுப்பை அணைக்கக்கூட மறந்துவிட்டேன். போனைக் கையில் வாங்குவதற்குள் கார் விபத்து, துப்பாக்கிச் சூடு, தீ எல்லாம் என் மனதில் நடந்து முடிந்துவிட்டது. என் சுபாவம் அப்படி.

"அப்பா, டோன்ட் பேனிக்," என்றான். அவன் அப்படி ஆரம்பித்தால்தான் எனக்கு நடுக்கம் வரும். "மை ஆர்ம் இஸ் ப்ளூ."

நான் எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவன். பெரம்பூரில் ஒரு கேன்டீனில் சமையல் கற்றுக்கொண்டேன். என் மனைவி ஸ்டெல்லா நர்ஸ். அவளுடைய வேலைக்காகத்தான் அமெரிக்கா வந்தோம். அமலுக்கு அப்போது நான்கு வயது. இதை எழுதச் சொன்னதும் ஸ்டெல்லாதான். "நம்ம சர்ச்சுலயே எத்தனை பேர் ரத்தம் உறையாம இருக்க அந்த மாத்திரை சாப்பிடறாங்க. உங்க வாயால சொன்னா கேப்பாங்க, எழுதிக் குடுங்க," என்றாள். எழுத்துப் பிழைகளை அவள் திருத்தியிருக்கிறாள். மற்ற பிழைகளெல்லாம் என்னுடையவை.

அமல் பேஸ்பால் ஆடுகிறவன், இடது கைக்காரன். அதுவே அவன் தொழில். பந்து எறிகிறவனை அதில் பிட்ச்சர் என்பார்கள். கிரிக்கெட் போல ஓடி வருவது கிடையாது. ஒரு சின்ன மண்மேட்டில் நின்ற இடத்திலிருந்தே காலைத் தூக்கி, முழங்கையை மடக்கி, தோளைப் பின்னால் இழுத்து எறிய வேண்டும். ஒரே ஆட்டத்தில் எண்பது, நூறு தடவை. மனிதனுடைய கை இதற்காகச் செய்யப்பட்டதல்ல என்று எனக்கு ஆரம்பத்திலிருந்தே தோன்றும். சொன்னால் அமல் சிரிப்பான்.

பள்ளிக்கூடம் முடித்ததும் ஓர் அணி அவனை எடுத்துக்கொண்டது. பெரிய அணி ஒவ்வொன்றுக்கும் கீழே சின்ன ஊர்களில் ஆடுகிற அணிகள் உண்டு. அவற்றில் படிப்படியாக ஏற வேண்டும். அமல் இரண்டு படி ஏறியதும் அவனை வேறு அணிக்கு மாற்றிவிட்டார்கள். ஒரு போன், அவ்வளவுதான். மறுநாள் பெட்டியோடு கலிபோர்னியாவுக்குப் போனான். சான்டா கிளாராவில் ஒரு அறையில் தங்கி ஆடியபோது முழங்கை போயிற்று. உள்பக்கத்தில் மேல் எலும்பையும் கீழ் எலும்பையும் சேர்த்துப் பிடித்திருக்கிற நார் அறுந்துவிட்டது. வலது மணிக்கட்டிலிருந்து, இல்லாவிட்டாலும் குறைவில்லாத ஒரு தசைநாணை எடுத்து, இடது முழங்கை எலும்பில் துளை போட்டுக் கோத்தார்கள். ஒரு வருடத்துக்கு மேல் அவன் ஆடவில்லை. அந்த அணியும் அவனை விட்டுவிட்டது. பிறகு டெக்சாஸில் ஓர் அணி கூப்பிட்டது. அது மூன்றாவது அணி. உச்சிக்குப் போக ஒரே ஒரு படி பாக்கி இருந்தபோதுதான் கை நீலமானது.

ஸ்டெல்லாவும் நானும் அன்றைக்கே விமானம் ஏறினோம். ஆஸ்பத்திரியில் அவன் கையைப் பார்த்தேன். தோள் முதல் விரல் வரை உப்பி, கத்தரிக்காய் நிறத்தில் இருந்தது. மார்பின் இடது பக்கத்தில் நரம்புகள் மரக்கிளை போலப் புடைத்திருந்தன.

அல்ட்ராசவுண்ட் எடுத்தார்கள். அப்புறம் கையின் ரத்தக் குழாயில் சாயம் செலுத்திப் படம் எடுத்தார்கள். டாக்டர் ஒரு பெண்மணி, நரைத்த தலை, மெதுவாகப் பேசுவார். அவர் சொன்னதை ஸ்டெல்லா ஒரு காகித டவலில் படம் போட்டு எனக்கு விளக்கினாள்.

"இதோ காலர் எலும்பு. இதோ முதல் விலா எலும்பு. இதுக்கு நடுவுல கையிலேர்ந்து ரத்தம் திரும்பி வர்ற குழாய். இவன் ஒவ்வொரு தடவையும் கையை ஓங்கும்போது ரெண்டு எலும்பும் கத்திரிக்கோல் மாதிரி அதை நசுக்குது. பத்து வருஷமா நசுங்கி நசுங்கித் தழும்பாயிடுச்சு. அந்த இடத்துல ரத்தம் உறைஞ்சு அடைச்சுக்கிச்சு."

"அது அங்கேயே இருக்குமா?"

ஸ்டெல்லா டவலை மடித்தாள். ரத்தக்கட்டி உடைந்து நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து என்று மறுநாள் நர்ஸ் ஒருத்தி சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. என்னிடம் எதை எப்போது சொல்ல வேண்டும் என்று ஸ்டெல்லாவுக்கு ஒரு கணக்கு உண்டு.

கட்டியைக் கரைக்கிற மருந்தை மெல்லிய குழாய் வழியாகச் சொட்டுச் சொட்டாக ஒரு முழு நாள் விட்டார்கள். அது கரைந்த பிறகு முதல் விலா எலும்பை எடுத்துவிடும் ஆபரேஷன். காத்திருக்கும் அறையில் ஸ்டெல்லா ஜெபமாலை சொன்னாள். எனக்கு ஜெபத்தில் மனம் நிற்கவில்லை. ஒரு எலும்பை எடுத்துவிட்டால் மேலே உள்ள எலும்புகள் இறங்கிவிடாதா என்று அவளை மூன்று தடவை கேட்டேன். அமல் இருந்த ஆலன் என்ற ஊரில் குடியிருக்கும் ஒரு தமிழ் ஆன்ட்டி, எங்களை முன்பின் தெரியாதவர், சர்ச்சில் யாரோ சொன்னதைக் கேட்டு தயிர்சாதமும் உருளைக்கிழங்கும் கொண்டு வந்தார். "சாப்பிடுங்க அண்ணா, நீங்க விழுந்துட்டா அவனை யாரு பாக்கறது," என்றார். நான் சாப்பிட்டேன். அந்தத் தயிர்சாதத்தில் உப்பு கொஞ்சம் குறைவு என்று அந்த நேரத்திலும் தோன்றியதை நினைத்தால் இப்போது வெட்கமாக இருக்கிறது.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. ஸ்டெல்லாவுக்கு அதற்கு மேல் லீவு இல்லை. நான் ஹோட்டலில் சொல்லிவிட்டு, ஆலனில் அமலின் அபார்ட்மென்டில் தங்கிவிட்டேன்.

அமலுக்கு ரத்தம் உறையாமல் இருக்க ஒரு மாத்திரை கொடுத்தார்கள். பெயர் வார்ஃபரின். அதைச் சாப்பிடுகிறவர்களுக்கு வாரம் ஒரு தடவை ரத்தம் எடுத்து ஒரு எண் பார்ப்பார்கள். அமலுக்கு அந்த எண் இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில் நிற்க வேண்டும். குறைந்தால் மறுபடி உறையும். ஏறினால் எங்காவது ரத்தம் கசியும். ஸ்டெல்லா கிளம்பும்போது விமான நிலையத்தில் வைத்து ஒரே ஒரு விஷயம் சொன்னாள்.

"கீரை போடாதீங்க. கீரையில இருக்கற ஒரு சத்து இந்த மாத்திரைய வேலை செய்ய விடாது. சாம்பார், ரசம், கோழி எது வேணா குடுங்க. கீரை மட்டும் வேணாம். என்ன, கேட்டீங்களா?"

"கேட்டேன்," என்றேன்.

கேட்கத்தான் செய்தேன். ஆனால் வீட்டுக்கு வந்த அமலின் முகத்தைப் பார்த்தால் அதில் ரத்தமே இல்லை. உதடு வெளுத்திருந்தது. கண்ணின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தேன், அதுவும் வெளுப்பு. இந்தப் பிள்ளைக்கு ரத்தத்தை இளக்க மாத்திரையா என்று எனக்குத் தோன்றியது. இளகின ரத்தத்தில் என்ன பலம் இருக்கும்? ஆபரேஷனில் போன ரத்தம் எப்படி ஊறும்? நான் பார்த்து வளர்ந்த வீடுகளில் பிள்ளை பெற்றவளுக்கும் காய்ச்சலில் கிடந்து எழுந்தவனுக்கும் கீரைதான் முதலில் கொடுப்பார்கள். ஸ்டெல்லா புத்தகத்தில் படித்ததைச் சொல்கிறாள், நான் கண்ணால் பார்த்ததைச் செய்கிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அமலுக்குச் சின்ன வயதிலிருந்தே கீரை ஆகாது. தட்டில் கண்டால் தட்டையே தள்ளிவிடுவான். ஆனால் நான் சமையல்காரன். கீரையைக் கொதிக்கிற தண்ணீரில் ஒரு நிமிடம் போட்டு, எடுத்து ஐஸ் தண்ணீரில் அமுக்கி, பிழிந்து அரைத்தால் பச்சை வாசனை போய்விடும். அதை அடை மாவில் கலந்தேன். சப்பாத்தி மாவில் கலந்தேன். கோழிக் குழம்பில் தேங்காயோடு சேர்த்து அரைத்து ஊற்றினேன். பச்சையாக இருக்கிறதே என்று கேட்டால் கொத்தமல்லி என்பேன். என் தங்கை மெட்ராஸிலிருந்து அனுப்பிய முருங்கைக்கீரைப் பொடி ஒரு டப்பா இருந்தது. அதை இட்லிப் பொடியில் சேர்த்தேன். நாளுக்கு இரண்டு கட்டுக் கீரை. அவன் நன்றாகச் சாப்பிட்டான். அணியின் ட்ரெய்னர் டேவ் என்று ஒருவர், வீரர்களின் உடம்பைக் கவனிக்கிறவர், வாரம் இரண்டு தடவை கைப்பயிற்சி கொடுக்க வருவார். அவரும் என் அடையை நாலு, ஐந்து சாப்பிடுவார்.

முதல் வாரம் எண் ஒன்றரை. மாத்திரையைக் கூட்டினார்கள். இரண்டாவது வாரம் ஒன்று புள்ளி நாலு. மறுபடி கூட்டினார்கள். மூன்றாவது வாரம் டாக்டர் அமலைப் பார்த்துக் கேட்டார், மாத்திரையைத் தினமும் சாப்பிடுகிறாயா என்று.

"எவ்ரி நைட்," என்றான்.

டாக்டர் தலையாட்டினார். டேவ் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். நானும் அந்த அறையில்தான் இருந்தேன்.

அன்று சாயங்காலம் அமல் குளிக்கப் போனதும் மாத்திரைப் புட்டியைக் கவிழ்த்து எண்ணினேன். ஒன்றுகூட அதிகமில்லை, குறையவுமில்லை. என் மகன் ஒரு நாளும் தவறவிடவில்லை என்று அந்த நிமிடமே எனக்குத் தெரியும். அப்போது கீரை ஞாபகம் வராமல் இல்லை. வந்தது. ரத்தம் பார்க்கிற மிஷின் தப்பாக இருக்கும் என்று நினைத்து அதைத் தள்ளிவிட்டேன். ஸ்டெல்லா போனில், "என்ன சமைச்சீங்க?" என்று கேட்டாள். "ரசமும் கோழியும்," என்றேன். அதற்கு மேல் கேட்காமல், "அவனை நல்லா பாத்துக்கறீங்க, எனக்குத் தெரியும்," என்றாள்.

ஐந்தாவது வாரம் கை மறுபடி வீங்கியது.

இந்தத் தடவை சின்னக் கட்டி என்றார்கள். ஆனாலும் முதலிலிருந்து எல்லாம். சாயம், படம், சொட்டு மருந்து. அமல் படுக்கையில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். அவன் கேட்டது ஒன்றுதான், வசந்த காலப் பயிற்சி முகாமுக்குத் தன் பெயர் பட்டியலில் இருக்குமா என்று. டேவ் தெரியாது என்றார். அணிக்கு டாக்டரின் கடிதம் போக வேண்டும், அதைப் பார்த்துத்தான் முடிவு செய்வார்கள்.

ஆஸ்பத்திரியில் அவனுக்கு அங்கே தருகிற சாப்பாடு. உருளைக்கிழங்கு, கோழி, ஜெல்லி. மாத்திரையை நர்ஸ் கொண்டுவந்து, விழுங்கும் வரை நின்று பார்ப்பாள். எண் ஏற ஆரம்பித்தது. இரண்டு, இரண்டே முக்கால். ஆறாம் நாள் காலையில் பல் தேய்த்தபோது அவன் துப்பியது முழுக்கச் சிவப்பு. ஈறு நிற்காமல் கசிந்தது. எண் ஐந்தைத் தாண்டிவிட்டது. மாத்திரையை நிறுத்தி வைத்தார்கள்.

மத்தியானம் டாக்டர் வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். டேவ் கையைக் கட்டிக்கொண்டு கதவருகே நின்றார். என் இங்கிலீஷ் கொஞ்சம்தான். ஆனால் அன்றைக்கு ஒரு வார்த்தையும் தப்பவில்லை. வீட்டில் இதே மாத்திரை, எண் ஏறவில்லை. இங்கே நாங்கள் கையில் கொடுக்கிறோம், ஏறுகிறது. இதற்கு என்ன அர்த்தம் என்று நீயே சொல் என்றார் டாக்டர். குரலில் கோபம் இல்லை. கடிதத்தில் நான் நடந்ததை எழுதியாக வேண்டும் என்றார்.

"ஐ டுக் எவ்ரி பில்," என்றான் அமல்.

"லுக், மேன்," என்றார் டேவ். வேறு ஒன்றும் சொல்லவில்லை. மாத்திரை விஷயத்தில் பொய் சொல்கிறவன் என்று ஒரு தடவை காகிதத்தில் ஏறிவிட்டால் எந்த அணியும் அவனைத் தொடாது என்று எனக்கே தெரியும். நார் அறுந்து பிழைத்தவன், எலும்பை எடுத்துப் பிழைத்தவன், இதில் பிழைக்க மாட்டான்.

நான் வெளியே போய், தாழ்வாரத்தில் இருந்த போனில் ஸ்டெல்லாவைக் கூப்பிட்டேன். அவள் வார்டில் வேலையாக இருந்தாள். அவள் போனுக்கு வருவதற்குள், போனை வைத்துவிடலாமா என்று இரண்டு தடவை நினைத்தேன்.

"நான் கீரை போட்டேன்," என்றேன்.

அந்தப் பக்கம் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது.

"எவ்வளவு?"

"தினமும். ரெண்டு கட்டு. முருங்கைப் பொடியும்."

"அடப்பாவி மனுஷா," என்றாள் மெதுவாக. அவள் என்னை அப்படிச் சொன்னது அதுவரைக்கும் இல்லை. "நான் போன்ல கேட்டப்பல்லாம் ரசம், ரசம்னீங்களே. அவனுக்குத் தெரியுமா?"

"தெரியாது. அரைச்சுக் கலந்துட்டேன்."

"போய்ச் சொல்லுங்க. இப்பவே. டாக்டர் அந்த ரூமை விட்டுப் போறதுக்குள்ள."

"எனக்கு இங்கிலீஷ் வராதுடி. நீ ஒரு போன் போட்டு அந்த டாக்டர்கிட்ட..."

"ஹோட்டலுக்கு ஹெல்த் இன்ஸ்பெக்டர் வந்தா மட்டும் ஒன் அவர் பேசறீங்க இல்ல? அதே இங்கிலீஷ் போதும். நான் சொன்னா புருஷனையும் புள்ளையையும் காப்பாத்தறேன்னு நினைப்பாங்க. நீங்கதான் சொல்லணும்." போனை வைத்துவிட்டாள்.

டாக்டர் எழுந்து கதவுப் பக்கம் வந்துகொண்டிருந்தார். நான் வழியை மறித்து நின்றேன். இங்கிலீஷில் ஆரம்பித்தேன், "மை மிஸ்டேக்" என்பதைத் தாண்டி ஒன்றும் வரவில்லை. அமலைப் பார்த்துத் தமிழில் சொன்னேன். நான் சொல்லச் சொல்ல நீ டாக்டருக்குச் சொல் என்றேன். எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா வேண்டாம் என்றதை, அடை மாவை, கொத்தமல்லி என்று பொய் சொன்னதை, மாத்திரையை எண்ணிப் பார்த்ததை.

அமல் வாயைத் திறக்கவில்லை. டாக்டர் அவனையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். என் வாழ்க்கையில் அவ்வளவு நேரம் நான் எதற்கும் காத்திருந்ததில்லை. பிறகு அவன் சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னான், அப்பா என் சாப்பாட்டில் ஐந்து வாரமாகக் கீரையை அரைத்துக் கலந்திருக்கிறார், எனக்கு இப்போதுதான் தெரியும் என்று. அவ்வளவுதான் சொன்னான். எண்ணிப் பார்த்ததைச் சொல்லவில்லை.

"ஹவ் மச்?" என்றார் டாக்டர்.

அதற்கு எனக்கு இங்கிலீஷ் வந்தது. "டூ பன்ச். எவ்ரி டே. ஃபைவ் வீக்ஸ்."

டாக்டர் மறுபடி உட்கார்ந்தார். ஏன் என்று கேட்டார். நான் என் கண்ணின் கீழ் இமையை இழுத்துக் காட்டி, "ஹிஸ் ஃபேஸ், நோ பிளட்," என்றேன். அவர் சிரிக்கவும் இல்லை, திட்டவும் இல்லை. பேனாவை எடுத்து, அடையில் எவ்வளவு, குழம்பில் எவ்வளவு, பொடி எத்தனை ஸ்பூன் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிக்கொண்டார்.

டேவ் கையை அவிழ்த்து, "அந்தப் பச்சை பான்கேக்கா? நானும் அதைத் தின்றேனே," என்றார். பிறகு கட்டிலருகே போய் அமலிடம், "ஐ ஆம் சாரி, மேன்," என்றார். எந்த நாட்டில் எந்தப் பெரியவர் இப்படி உடனே மன்னிப்புக் கேட்டு நான் பார்த்திருக்கிறேன் என்று யோசித்தேன். எனக்கு அந்தச் சொல் இன்னும் வாயில் வரவில்லை.

அவர்கள் போனதும் அமல் பேசினான். அவன் கத்துவான் என்று எதிர்பார்த்தேன், கத்தவில்லை. மாத்திரையை எண்ணினாயா என்று கேட்டான், இங்கிலீஷில்.

"எண்ணினேன்பா."

அப்படியென்றால் நான் பொய் சொல்லவில்லை என்று உனக்குத் தெரியும். டாக்டர் கேட்டபோது நீ பக்கத்தில்தான் இருந்தாய். சும்மா இருந்தாய். இதைச் சொல்லிவிட்டுப் போர்வையை இழுத்துக்கொண்டான். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் தலையணையைச் சரிசெய்யச் சொன்னான். சரிசெய்தேன். அப்போதுதான் மன்னிப்புக் கேட்டேன். "ம்," என்றான்.

வீட்டுக்கு வந்ததும் டாக்டர் எழுதிக் கொடுத்தபடி அளந்து சமைத்தேன். மாத்திரையைப் பழைய அளவுக்குக் குறைத்தார்கள். எண் இரண்டே காலில் வந்து நின்றது, பிறகு அசையவில்லை. மூன்று மாதம் கழித்து மாத்திரையையே நிறுத்தினார்கள். இதைப் படிக்கிறவர்களில் யாராவது அந்த மாத்திரை சாப்பிட்டால், வீட்டில் சமைக்கிறவரையும் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போங்கள். இதுதான் நான் சொல்ல வந்தது.

முகாமுக்கு அமலின் பெயர் வந்தது. போனான். மூன்று வாரம் எறிந்தான். நான்காவது வாரம் பெட்டியோடு அபார்ட்மென்டுக்குத் திரும்பி வந்துவிட்டான். கையில் அணி கொடுத்த காகிதங்கள் ஒரு உறையில் இருந்தன. அதைச் சாப்பாட்டு மேஜையில் போட்டுவிட்டு முகம் கழுவப் போனான்.

நான் எடுத்துப் படித்தேன். எனக்கு இங்கிலீஷ் படிப்பது கஷ்டம். விரலை வைத்து ஒவ்வொரு சொல்லாகப் படித்தேன், புரியாததை மறுபடி படித்தேன். பந்தின் வேகம் பழைய அளவுக்குத் திரும்பவில்லை என்று இருந்தது. மருத்துவ உத்தரவுகளை முழுமையாகக் கடைப்பிடித்தவர் என்று கீழே ஒரு வரி இருந்தது. மாத்திரை என்ற சொல்லே எங்கும் இல்லை. பின்பக்கத்தையும் திருப்பிப் பார்த்தேன்.

என் பிள்ளைக்கு வேலை போன காகிதம் அது. ஏழு வயதிலிருந்து அவன் ஆசைப்பட்டது அதோடு முடிந்துவிட்டது. நான் அதைப் பிடித்துக்கொண்டு பெருமூச்சு விட்டேன், பாரம் இறங்கினவனைப் போல. தலையைத் தூக்கினால் அமல் துண்டோடு வாசற்படியில் நின்றுகொண்டிருந்தான். எவ்வளவு நேரமாக நின்றான் என்று தெரியாது.

"வேற காரணம் எதுவும் போடல," என்றேன்.

"ஐ நோ, அப்பா," என்றான். வந்து காகிதத்தை என் கையிலிருந்து வாங்கி, மடித்து, உறைக்குள் வைத்தான். அந்த ஐந்து வாரம் வீணாகாமல் இருந்திருந்தால் வேகம் திரும்பியிருக்குமா என்று கேட்க நினைத்தேன். அவனுக்கும் அது தெரிந்திருக்க வேண்டும். என் தோளில் கையை வைத்தான், இடது கையை, அழுத்தி வைத்தான். அந்தக் கேள்வியை நான் கேட்கவில்லை. இன்று வரை கேட்கவில்லை.